எண்ணங்களைச் சோதித்தறிவோம்



நெஞ்சு வலித்தால் உடனே மருத்துவரைத் தேடி ஓடுகின்றோம். மனம் வலித்தாலோ கதவைச் சாத்திக்கொள்கின்றோம். 'அங்கொடை' என்ற ஊர்ப் பெயரையே ஏளனச் சொல்லாக்கி வளர்ந்தவர்கள் நாம். அந்த ஏளனம் கடல் கடந்து ஸ்காபரோ வரைக்கும் நம்முடன் வந்துவிட்டது.

ரொறன்ரோத் தமிழரின் உளநலம் பற்றிப் பேராசிரியர் மோர்ட்டன் பைசரும் அவரது குழுவினரும் நடத்திய ஆய்வு 2003ஆம் ஆண்டில் வெளிவந்தது. பங்கேற்றோருள் மூன்றில் ஒரு பகுதியினர் போர், தாக்குதல் போன்ற கொடுமைகளைக் கண்டவர்கள் அல்லது அனுபவித்தவர்கள். 12 சதவீதத்தினர் அதன் விளைவான மனவடு நோயால் துன்புற்றனர். அவர்களுள்ளும் சிகிச்சை பெற்றோர் பத்தில் ஒருவரே. இது 2009க்கு முந்தைய நிலை என்பதை நினைவிற்கொள்ளுங்கள்.

"பாதர், சிகிச்சைக்குப் போனால் என் விசுவாசம் குறைவென்று ஆகாதா?" என்று கேட்போர் உண்டு. அவர்களுக்காகவே இதை எழுதுகின்றேன்.

இன்று மனச்சோர்வுக்கும் பதகளிப்புக்கும் பரவலாக வழங்கப்படும் உளச்சிகிச்சைகளுள் ஒன்று 'சிந்தனை நடத்தைச் சிகிச்சை'. சுருக்கமாக சி.பி.டி. என்பர். 1960களில் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் ஆரோன் பெக் என்ற உளநல மருத்துவர் இதற்கு அடித்தளமிட்டார். மனச்சோர்வுற்றோரின் உள்ளத்தில் தம்மைப் பற்றியும் உலகைப் பற்றியும் எதிர்காலத்தைப் பற்றியும் இருண்ட எண்ணங்கள் தாமாகவே எழுவதையும், அவற்றை அவர்கள் ஆராயாமல் உண்மையென ஏற்பதையும் அவர் கண்டார்.

நம்மில் பலரின் நிலையைக்கொண்டே இதை விளக்குகின்றேன். வன்னியில் உறவுகளை இழந்து இங்கு வந்து சேர்ந்த ஒருவர், 'அவர்கள் போய்விட்டார்கள், நான் தப்பிவிட்டேன். மகிழ்ந்திருக்க எனக்கு உரிமையில்லை' என்று எண்ணுகின்றார். அதனால் திருமண வீட்டைத் தவிர்க்கின்றார். நண்பரின் தொலைபேசி அழைப்பையும் தவிர்க்கின்றார். தனிமை கூடக் கூட அந்த எண்ணம் மேலும் வலுப்பெறுகின்றது. எண்ணம், உணர்வு, நடத்தை மூன்றும் செக்குமாடுபோல் ஒரே வட்டத்தில் சுழல்கின்றன.

சிகிச்சையாளர் "மறந்துவிடுங்கள்" என்று சொல்வதில்லை. இழப்பு உண்மையானது, அதற்குரிய கண்ணீரும் உண்மையானது. அந்த எண்ணத்தை மட்டும் தாளில் எழுதச் செய்து வினவுகின்றார்: அன்று உங்கள் கையில் இருந்தது என்ன? இதே எண்ணத்தால் உங்கள் தம்பி வாடினால் அவருக்கு என்ன சொல்வீர்கள்? பின்னர் ஒரு சிறிய செயலைத் தருகின்றார். பதினைந்து நிமிட நடை, அல்லது ஒரு நண்பருடன் ஒரு தேநீர். செயலுக்கு முன்னும் பின்னும் மனப்பாரம் எவ்வளவு எனக் குறித்து வருவது வீட்டுப்பாடம். வாரம் ஒருமுறையாகச் சில மாதங்கள் இது தொடரும்.

இது திருச்சபைக்கு அந்நியமான வழியன்று. நான்காம் நூற்றாண்டில் எகிப்தின் பாலைநிலத்தில் வாழ்ந்த துறவி எவாக்ரியுஸ், மனிதரை அலைக்கழிக்கும் தீய எண்ணங்களை எட்டாக வகுத்தார். ஒவ்வொரு எண்ணத்துக்கும் மறுமொழியாக இறைவார்த்தைகளைத் தொகுத்து ஒரு நூலும் செய்தார். உள்ளத்தில் எழுந்துவிட்டதாலேயே ஓர் எண்ணம் உண்மையாகிவிடாது என்பதை அத்துறவிகள் அறிந்திருந்தார்கள்.

ஒரு குருவாக நான் சொல்லக்கூடியது ஒன்று உண்டு. செய்த பாவத்துக்கு ஒப்புரவு அருட்சாதனம் இருக்கின்றது. ஆனால் உயிர்பிழைத்தது பாவமன்று. பாவமில்லாத இடத்தில் பாவமன்னிப்பு வழங்க எந்தக் குருவாலும் இயலாது. செய்யாத குற்றத்தை ஆண்டுக்கணக்காய்ச் சுமப்பவருக்கு, அது குற்றமன்று என்று கண்டுகொள்ளும் உதவியே தேவை. அவ்வுதவியைச் செய்யப் பயின்றவர்கள் இருக்கின்றார்கள். மருத்துவரை மதிக்கச் சொல்லும் சீராக் நூலின் 38ஆம் அதிகாரத்தை ஒருமுறை வாசியுங்கள்.

இச்சிகிச்சை எல்லா நோய்க்கும் தனித்து நிற்கும் மருந்தன்று. சிலருக்கு மாத்திரையும் வேண்டும்; மருத்துவரைக் கேளாமல் அதை நிறுத்தாதீர்கள். செபத்தையும் நிறுத்தவேண்டியதில்லை. தெற்காசியரின் குடும்ப வாழ்வையும் நம்பிக்கையையும் கருத்திற்கொண்டு இச்சிகிச்சையைத் தகவமைக்கும் பணி, நம் நகரின் 'காம்' உளநல மருத்துவமனையிலேயே நடைபெற்றுள்ளது.

ஒன்ராறியோ மாகாணத்தில் மனச்சோர்வு, பதகளிப்பு உள்ள வயதுவந்தோர்க்கு அரசு நிதியில் இச்சிகிச்சை இலவசமாகக் கிடைக்கின்றது. உங்கள் குடும்ப மருத்துவரிடம் கேளுங்கள். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் எழுந்தால் ஒரு கணமும் தாமதியாமல் 988 என்ற எண்ணை அழையுங்கள். இரவு பகல் எந்நேரமும் பதில் கிடைக்கும். வீட்டில் ஒருவர் வாடியிருப்பதைக் கண்டால் புத்திமதி சொல்வதற்கு முன் அருகில் அமருங்கள். மருத்துவரிடம் தனியே செல்லத் தயங்குவோருடன் நானும் வருகின்றேன்.

உடைந்த உள்ளத்தாரின் அருகில் இருக்கும் ஆண்டவர் உங்கள் யாவரையும் ஆசீர்வதிப்பாராக.

உங்கள் பங்குத்தந்தை