ஹை-ஹாட்

அப்பாவின் காதில் ‘ச’ விழுவதில்லை. ‘சட்டை’ என்றால் ‘அட்டை’ என்று எடுத்துக்கொள்வார். ‘பத்து’ என்றேனா ‘கத்து’ என்றேனா என்று முகத்தைப் பார்ப்பார். ஜொகூரில் ஒரு செம்பனை ஆலையின் இன்ஜின் ரூமில், நீராவி டர்பைனுக்குப் பக்கத்திலேயே 26 ஆண்டுகள் நின்ற காது அது. பணி ஓய்வுக்குப் பிறகு சோதனை செய்து பார்த்தபோது வரைபடத்தில் கோடு 1,000 ஹெர்ட்ஸ் வரை நன்றாகத்தான் வந்தது. 2,000-ஐத் தாண்டியதும் சரிந்து, 4,000-இல் தரையைத் தொட்டது. இரைச்சலில் கெட்ட காதுக்கு அந்த 4,000 பள்ளம்தான் அடையாளம். வயதும் சேர்ந்துகொண்டதால் அதற்கு மேலே உள்ளதும் எழுந்து வரவில்லை.

பேச்சு புரியாததைக்கூட வீட்டில் சமாளித்துவிடலாம். ஆனால் அப்பா டிரம்மர். 80களில் கூலாய் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பையன்கள் சேர்ந்து நடத்திய இசைக்குழுவில் வாசித்தவர். டிரம்ஸில் ஹை-ஹாட் என்று ஒன்று உண்டு. ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு தட்டுகள், காலால் மிதித்தால் மூடும். அதன் ‘ட்ஸ் ட்ஸ்’தான் பாட்டுக்குக் கடிகாரம். அந்தச் சத்தத்தின் பெரும்பகுதி அப்பா இழந்த இடத்தில்தான் இருக்கிறது.

காது மெஷின் வாங்குவதற்கு முன்னால், என்ன மிச்சம் இருக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும் போலிருந்தது. எனக்கோ பாட்டுக் கச்சேரி எதுவானாலும் போகிற பைத்தியம். கடந்த ஆண்டு செப்டம்பரில் தொடங்கி நவம்பர் முடிவதற்குள் ஐந்து நிகழ்ச்சிகளுக்கு அவரையும் இழுத்துக்கொண்டு போனேன். வேறு நாட்டில் அந்த மாதங்களுக்கு இலையுதிர்காலம் என்று பெயர். இங்கே மத்தியானம் வெயில், சாயங்காலம் மழை, ராத்திரி ஈரச் செருப்போடு நிகழ்ச்சி.

முதலாவது, ஜொகூர் பாருவில் ஒரு பேரங்காடியின் மேல்மாடி மண்டபத்தில் நடந்த தமிழ் ஹிப்-ஹாப் இரவு. நான் ஸ்கூடாயில் யூ.டி.எம்-இல் இயந்திரப் பொறியியல் படித்துவிட்டு பாசீர் கூடாங்கில் ஒரு தொழிற்சாலையில் பராமரிப்புப் பிரிவில் இருக்கிறேன். எங்கள் கம்ப்ரசர் அறைக்குள் காதடைப்பான் இல்லாமல் யாரையும் விடமாட்டேன். அன்று காசு கொடுத்து டிக்கெட் வாங்கி, அதைவிடச் சத்தமான ஓர் இடத்துக்குள் அப்பாவையும் கூட்டிக்கொண்டு நுழைந்தேன். இரண்டு பேர் காதிலும் மஞ்சள் நுரை அடைப்பான். பக்கத்தில் நின்ற பையன்கள் பார்த்துச் சிரித்தார்கள்.

என் கைப்பேசிச் செயலி 103 டெசிபல் காட்டியது. அந்த மாதிரிச் செயலிகளை அப்படியே நம்பக்கூடாது. ஆனாலும் கணக்கைச் சொல்கிறேன். நம் நாட்டில் 2019-இல் வந்த தொழிலிட இரைச்சல் விதிப்படி 8 மணி நேர வேலைக்கு 85 டெசிபல் எல்லை. 3 டெசிபல் கூடினால் நேரம் பாதியாகும். 88-க்கு 4 மணி நேரம், 91-க்கு 2 மணி நேரம் என்று இறங்கினால் 103-க்கு ஏழரை நிமிடம். மேடையில் முதல் ஆள் வந்து ‘ஜேபி, எப்டி இருக்கீங்க’ என்று கேட்டு முடிப்பதற்குள் அன்றைய கணக்கு தீர்ந்துவிட்டது. அப்பா ஆலையில் இருந்த காலத்தில் 1989-ஆம் ஆண்டு விதிதான். அதில் எல்லை 90. அதுவும் 5 டெசிபல் கூடினால்தான் நேரம் பாதியாகும். அதாவது 100 டெசிபலில் 2 மணி நேரம் நின்றாலும் சட்டத்துக்கு உட்பட்டதே. இன்றைய கணக்கில் அது 15 நிமிடம். சட்டம் மாறியபோது அப்பா வேலையை விட்டு வந்து மூன்று வருடமாகியிருந்தது.

‘அவன் என்னா சொல்றான் தம்பி?’

‘எனக்கும் தெரியலப்பா.’

உண்மையாகவே தெரியவில்லை. அடித்தட்டு பேஸை ஏற்றி ஏற்றிக் குரலை மூழ்கடித்திருந்தார்கள். எனக்கு இதில் தீராத கோபம் உண்டு. ராப் என்பது சொல். ‘பொயட்டிக் அம்மோ’ காலத்திலிருந்து, 2006-இல் ‘யோகி பி & நட்சத்திரா’வின் ‘வல்லவன்’ வரைக்கும் இந்த நாட்டுத் தமிழ்ப் பையன்கள் போட்ட பாதை அது. ‘வல்லவன்’ வந்தபோது எனக்கு ஒன்பது வயது. ‘மடை திறந்து’ பாட்டை ஒரு சொல் விடாமல் ஒப்பித்தேன். அந்த ராகத்தை 1980-இல் ‘நிழல்கள்’ படத்துக்கு இளையராஜா போட்டார் என்பதே எனக்குப் பிறகுதான் தெரியும். சொல்லுக்காக வந்த கூட்டத்துக்குச் சொல் கேட்காதபடி ஒலி அமைப்பது என்ன கலை? அன்று அந்த மண்டபத்தில் இருந்த எல்லோருக்கும் அப்பாவின் காதுதான்.

அப்பாவுக்கு என்னவோ பிடித்திருந்தது. நெஞ்சில் கை வைத்துக்கொண்டு நின்றார். ‘கிக் டிரம் நல்லா இருக்கு. ஹை-ஹாட் போடலியா?’ என்றார். திரையில் ஓடிய மடிக்கணினியிலிருந்து அது வினாடிக்கு எட்டு முறை வெட்டிக்கொண்டுதான் இருந்தது.

அக்டோபரில் கோலாலம்பூர். இரட்டைக் கோபுரத்தின் அடியில் இருக்கும் டேவான் பில்ஹார்மோனிக் பெட்ரோனாஸ். பிளஸ் நெடுஞ்சாலையில் நாலு மணி நேரம், நடுவில் ஒரு ஓய்விடத்தில் பசியாறல். உடை விதி உண்டு என்று சொன்னதால் அப்பா கல்யாணத்துக்கு எடுத்த பாத்திக் சட்டையைப் போட்டிருந்தார். 1998-இல் திறந்த இந்த மண்டபம், பழைய ஐரோப்பிய இசைக்கூடங்களைப் போல நீளமான பெட்டி வடிவம். சுவரே ஒலியைப் பரப்பும். வாத்தியங்களுக்கு மைக் கிடையாது. யாரோ ஒருவர் இருமினால் அதுவும் நிகழ்ச்சியில் சேர்ந்துவிடும்.

அப்பா இதற்கு முன் மேற்கத்தியச் செவ்விசையை உட்கார்ந்து கேட்டதில்லை. முதல் பத்து நிமிடம் எங்கே கை தட்டுவது என்கிற பயம். பிறகு பின்வரிசையில் டிம்பனி வாசித்தவரைக் கண்டுபிடித்துவிட்டார். அந்த ஆள், மற்றவர்கள் வாசித்துக்கொண்டிருக்கும்போதே, குனிந்து பறையின் மேல் காதை வைத்து, விரலால் லேசாகச் சுண்டி, காலால் மிதித்துச் சுருதி மாற்றினார். அடுத்து வரப்போகிற சுரத்துக்குத் தயாராகிறார். அப்பா என் முழங்கையை இடித்தார். ‘எழுபது பேரு வாசிக்கிற சத்தத்துக்கு நடுவுல அவரு அத கேக்குறாரு பாரு.’

இரண்டாம் பாதியில் மெதுவான பகுதி வந்தது. வயலின்கள் மட்டும், மேல் தாயியில், ஒரு நூல் அளவுக்கு மெலிந்து போயின. மண்டபமே மூச்சைப் பிடித்திருந்தது. என் வாழ்க்கையில் கேட்ட மிக அழகான சத்தங்களில் ஒன்று. அப்போது அப்பா என் பக்கம் சாய்ந்து, தணிந்த குரல் என்று அவர் நினைத்த குரலில் கேட்டார்:

‘இப்ப வாசிக்கிறாங்களா?’

முன்வரிசை திரும்பியது. நான் தலையை ஆட்டினேன். அவர் மறுபடி மேடையைப் பார்த்தார். இருபதுக்கும் மேற்பட்ட வில்கள் ஒரே சீராக ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. அவருக்கு அது முழுக்க மௌனமாக நடந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மீன்களைப் பார்ப்பதுபோல அவர் பார்த்துக்கொண்டிருந்தார். ஆலையில் வருடாவருடம் எடுத்த காது சோதனைத் தாளில் கையெழுத்து வாங்கினார்களே தவிர, அதில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒருவரும் அவருக்குச் சொன்னதில்லை. சொக்சோவுக்கு விண்ணப்பிக்கலாம், தொழில்சார்ந்த நோய்களில் இதுவும் ஒன்று என்று திரும்பும் வழியில் யோங் பெங் தாண்டியதும் சொன்னேன்.

‘அந்த ஆலையிலதான் ஒன்ன படிக்க வச்சேன்’ என்றார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. ஸ்கூடாய் வரும் வரை இருவரும் பாட்டு போடவில்லை.

தீபாவளி முடிந்து வந்த சனிக்கிழமை, ஒரு சமூக மண்டபத்தில் பொது உபசரிப்பு. உள்ளூர் இசைக்குழு, ஒலிபெருக்கி மோசம், பிரியாணி பரவாயில்லை. ஆனால் அன்றுதான் அப்பா முழுப் பாட்டு கேட்டார். ‘ஆலிகேட்ஸ்’ பாட்டு ஒன்றை எடுத்தார்கள். பினாங்குத் தமிழ் சகோதரர்கள் டேவிட் ஆறுமுகமும் லோகநாதனும் மலாய்ப் பாட்டில் ராஜாக்களாக இருந்த காலத்து ஆள் அப்பா. எஸ்டேட் மேடையில் ‘இளமை இதோ’ வகைப் பாட்டு நாலு போட்டால், ஐந்தாவது கட்டாயம் ஆலிகேட்ஸ் என்பார். வரிக்கு வரி கூடவே பாடினார், மலாய் ‘ஸ’ எல்லாம் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. தெரிந்த பாட்டில் காது விட்டதை மூளை நிரப்பிக்கொள்கிறது. புதுப் பாட்டில் நிரப்ப ஒன்றும் இல்லை. வயதானவர்கள் பழைய பாட்டையே கேட்கிறார்கள் என்று கிண்டல் செய்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

நவம்பரில் சிங்கப்பூர். எஸ்பிளனேடில் ஆண்டுதோறும் நடக்கும் ‘கலா உத்சவம்’. உள்ளரங்க டிக்கெட்டை ரிங்கிட்டில் பெருக்கிப் பார்த்துவிட்டு, நீர்முகப்பில் இருக்கும் திறந்தவெளி அரங்கின் இலவச நிகழ்ச்சிக்குப் போனோம். சனிக்கிழமைப் பாலத்து நெரிசலைப் பற்றி ஜொகூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கிராஞ்சியில் எம்.ஆர்.டி. ஏறி சிட்டி ஹாலில் இறங்கியபோது மழை. தாளவாத்தியக் கச்சேரி, மிருதங்கமும் கஞ்சிராவும். கஞ்சிரா உடும்புத் தோலில் செய்த சின்ன வாத்தியம். தோலை அழுத்தி அழுத்தி ‘கும்’ என்று வளைக்கலாம், விளிம்பில் கோத்திருக்கும் காசு கூடவே சிலிர்க்கும். அப்பாவுக்குக் காசு கேட்கவில்லை. ‘தோல் மட்டும் பேசுது’ என்றார். நானும் விரலால் காதை அழுத்தி அப்படியே கேட்டுப் பார்த்தேன். கஞ்சிராவின் அடியில் அவ்வளவு குழைவு இருப்பது எனக்கு அதுவரை தெரியாது. காசின் சிலுசிலுப்பு எப்போதும் அதை மறைத்திருக்கிறது.

கடைசி, மாத இறுதியில் ஒரு கல்யாண வரவேற்பு. மாப்பிள்ளையை அழைத்துவர உருமி மேளம். உருமியில் ஒரு பக்கத் தோலை வளைந்த குச்சியால் தேய்ப்பார்கள், அது முனகும். அந்த முனகல் காது வழியாக மட்டும் வருவதில்லை, விலா எலும்பு வழியாகவும் வரும். அப்பா அன்று காது மெஷின் போட்டிருந்தார். இரண்டு வார இலவசப் பரிசோதனைக்குக் கொடுத்தது. மேளம் ஆரம்பித்ததும் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அது பேச்சுக்காகச் செய்த கருவி, பெரிய சத்தம் வந்தால் பயந்து எல்லாவற்றையும் அமுக்கும். உருமிப் பையனுக்கு பதினேழு வயது இருக்கும். இடைவேளையில் என்னிடமிருந்த நுரை அடைப்பானை நீட்டினேன். ‘போட்டா அடி புரியாது அண்ணே’ என்றான். அப்பா அவனையே பார்த்துக்கொண்டிருந்தார், ஒன்றும் சொல்லவில்லை.

மெஷினைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது அங்கிருந்த பெண் பிள்ளை, இசைக்கென்று தனியாக ஓர் அமைப்பு வைக்கலாம் என்று கணினியில் எதையோ மாற்றி, ஒரு டிரம்ஸ் பதிவைப் போட்டுக் காட்டினார். எத்தனையோ வருடங்களுக்குப் பிறகு அப்பா ஹை-ஹாட் கேட்டார். முகத்தைச் சுளித்தார்.

‘இது ஹை-ஹாட் இல்லம்மா. பிஸ்கட் டின்.’

அந்தப் பெண் கோபித்துக்கொள்ளவில்லை. உங்களுக்கு நன்றாகத் தெரிந்த பதிவு ஏதாவது இருந்தால் எடுத்து வாருங்கள் ஐயா, அதைப் போட்டுப் போட்டுச் சரிசெய்யலாம், இரண்டு மூன்று தடவை ஆகும் என்றார். அப்பா வீட்டுக்கு வந்ததும் ஸ்டோர் ரூமில் புகுந்தார். 1986-இல் ஒரு தோட்டத் திருவிழாவில் யாரோ மேடைக்கு முன்னால் ரேடியோவை வைத்துப் பதிந்த, அவர் வாசித்த கேசட் இருக்கிறதாம். அதில் அவருடைய ஹை-ஹாட் எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியுமாம்.

கேசட் கிடைத்துவிட்டது. ஓட்டிப் பார்க்கத்தான் ரேடியோ தேடிக்கொண்டிருக்கிறோம்.