முறத்தைச் சுற்றி நிற்பவர்கள்

திண்டிவனம் ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் ஒரு வண்டி மல்லாட்டையை, அதாவது நிலக்கடலையை, விற்றுவிட்டு வர வாயைத் திறக்க வேண்டிய அவசியமே இல்லை. மூட்டையை இறக்கினால் லாட் எண் கொடுப்பார்கள். வியாபாரிகள் வரிசையாக வந்து அள்ளிப் பார்ப்பார்கள், ஒன்றிரண்டை உடைத்து வாயில் போட்டுக்கொள்வார்கள், சீட்டில் விலை எழுதிப் பெட்டியில் போட்டுவிட்டு அடுத்த லாட்டுக்கு நகர்வார்கள். பெட்டியைத் திறந்ததும் யார் விலை அதிகமோ அவருக்குச் சரக்கு. விலை பிடிக்காவிட்டால் விவசாயி கொடுக்க மறுக்கலாம். விழுப்புரத்திலும் இதே மறைமுக ஏலம்தான். இ-நாம் என்ற மின்னணுச் சந்தை வந்த பிறகு அந்தச் சீட்டும் செல்போனுக்குள் போய்க்கொண்டிருக்கிறது.

இதை நான் குறையாகச் சொல்லவில்லை. துண்டுக்குள் விரலைப் பிடித்து விலை பேசிய காலத்தில் பேச்சு தரகரிடம் இருந்தது, நஷ்டம் விவசாயியிடம் இருந்தது. சென்னை மாகாணத்தில் 1933-இல் வணிகப் பயிர்ச் சந்தைச் சட்டம் கொண்டுவந்ததற்கு அதுவும் ஒரு காரணம். வாய்ச் சாமர்த்தியம் இல்லாதவருக்கும் விலை கிடைக்க வேண்டும் என்றால் பேச்சே இல்லாத ஏற்பாடுதான் நல்லது.

என் பிழைப்பு இதற்கு நேர் எதிர். உழவர் உற்பத்தியாளர் நிறுவனக்காரர்களையும் சரக்கு எடுப்பவர்களையும் ஒரே மண்டபத்தில் கூட்டி, பேச வைப்பது. பேனரில் ‘வாங்குவோர் – விற்போர் சந்திப்பு’ என்று இருக்கும். விவசாயிகளே பங்குதாரர்களாகச் சேர்ந்து கம்பெனி தொடங்க 2002-இல் வந்த சட்டத் திருத்தம் வழிவிட்டது. தமிழக அரசு 2017-18-இல் கூட்டுப் பண்ணையத் திட்டத்தைத் தொடங்கி நூறு நூறு பேராகக் குழு சேர்த்தது. நேற்றுவரை தன் லாட்டுக்குப் பக்கத்தில் கையைக் கட்டி நின்றவர் இன்று இயக்குநர். அவருக்கு விசிட்டிங் கார்டு அடித்துக் கொடுத்தார்கள். அதை நீட்டிய பிறகு என்ன பேசுவது என்பதை யாரும் சொல்லித்தரவில்லை.

குத்துவிளக்கு, பொன்னாடை, வரவேற்புரை, தலைமையுரை எல்லாம் முடிந்து டீக்கு விட்டால், வெள்ளை வேட்டிகள் ஒரு பக்கமாகவும் இன் பண்ணிய சட்டைகள் ஒரு பக்கமாகவும் ஒதுங்கிவிடும். வடையோடு கூட்டம் முடிந்த மாதிரிதான். இதற்கு மருந்தாக, ஆளுக்கு ஒரு நிமிடம் எழுந்து நின்று தன்னைப் பற்றிச் சொல்லும் சுற்று ஒன்றை நகரத்து பிசினஸ் கிளப்புகளைப் பார்த்துக் கொண்டுவந்தார்கள். எனக்கு அதில் துளியும் நம்பிக்கை இல்லை. தன் முறை வரும்வரை ஒவ்வொருவரும் மனசுக்குள் ஒத்திகை பார்க்கிறார்கள், முறை முடிந்ததும் ‘அப்பாடா’ என்று உட்காருகிறார்கள். நடுவில் யார் காதிலும் எதுவும் ஏறுவதில்லை. சிகாகோவில் 1905-இல் ரோட்டரி சங்கம் தொடங்கியவர்கள் முதலில் ஒவ்வொரு உறுப்பினர் அலுவலகத்திலும் மாற்றி மாற்றித்தான் கூடினார்கள். அது புத்திசாலித்தனம். ஒருவர் வேலை பார்க்கும் இடத்தில் நின்றால் கேட்க ஆயிரம் இருக்கும். கல்யாண மண்டபத்தில் பிளாஸ்டிக் நாற்காலியைத் தவிர என்ன இருக்கிறது?

அதனால் நான் களத்தில் கொஞ்சத்தை மண்டபத்துக்குள் கொண்டுவந்துவிடுகிறேன். நடுவில் நீளமாக மேசைகள். மேலே முறம் முறமாக மல்லாட்டை, உடைத்த பருப்பு, உளுந்து, எள். எந்த முறம் யாருடையது என்று ஒரு சீட்டு. மேசையைச் சுற்றி நாற்காலி கிடையாது. உட்கார்ந்த மனிதர் தன் பக்கத்து ஆளோடுதான் பேசுவார். முறத்தைப் பார்த்தால் இந்த வியாபாரத்தில் இருக்கும் யாருக்கும் கை சும்மா இருக்காது. உடைத்துப் பார்த்தாயிற்று என்றால் ஏதாவது சொல்லியே ஆக வேண்டும்.

போன தை மாதக் கூட்டத்தில், சென்னையிலிருந்து வந்த ஒரு கடலை மிட்டாய் கம்பெனிக்காரர் ஆடிப்பட்டத்துச் சரக்கு இருந்த முறத்தில் ஒரு காயை எடுத்துக் காதருகே ஆட்டினார். மயிலம் பக்கத்து இயக்குநர் ஒருவர் எதிரே நின்றுகொண்டிருந்தார்.

“விதை எங்கண்ணா எடுத்தீங்க?”

“மொதல்ல ஆராய்ச்சி நிலையத்துல எடுத்தது சார். இப்ப நம்ப விதைதான்.”

திண்டிவனத்தில் இந்தக் கேள்வி வீண் போவதே இல்லை. இங்குள்ள எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் 1940-இல் வெளியிட்ட டி.எம்.வி. 2 நாட்டின் பல மாநிலங்களில் பயிரான ரகம். அதைப் பற்றி இங்கே ஆளுக்கொரு கதை வைத்திருப்பார்கள். ஆனால் பேச்சைத் திறந்தது கம்பெனிக்காரரின் அடுத்த கேள்விதான்.

“காய எங்க போடுவீங்க?”

இயக்குநர் கொஞ்சம் தயங்கினார். “ரோட்டுலதான் சார். களம் ஊருக்கு ஒண்ணுதான் கெடக்குது. நெல்லுக்காரங்க முந்திக்கறாங்க.”

‘ரோட்டிலா?’ என்று அவர் முகம் சுளித்திருந்தால் அங்கேயே முடிந்திருக்கும். “ராத்திரி பனி எறங்குமே, என்னா பண்ணுவீங்க?” என்றார். அதற்குப் பிறகு ஈரம், பூஞ்சை, அஃப்ளடாக்ஸின் என்று போய், ஐரோப்பாவில் அப்படியே தின்னும் கடலையில் கிலோவுக்கு 4 மைக்ரோகிராமுக்கு மேல் அந்த நச்சு இருக்கக் கூடாது, தன் சரக்கு ஒருமுறை துறைமுகத்தில் மாட்டிக்கொண்டது என்று தன் வயிற்றெரிச்சலைச் சொன்னார் கம்பெனிக்காரர். விலை என்ற சொல்லே வரவில்லை. டீ ஆறிப்போனதை இரண்டு பேருமே கவனிக்கவில்லை. அந்தப் பேச்சிலிருந்து முதலில் பிறந்தது கொள்முதல் ஒப்பந்தம்கூட அல்ல, தார்ப்பாய்.

பதிலைப் பிடித்துக்கொண்டு அதிலிருந்தே அடுத்த கேள்வி கேட்பவரை எதிராளிக்குப் பிடித்துப்போகிறது என்று 2017-இல் ஹார்வர்டு ஆய்வாளர்கள் எழுதினார்கள். சரிதான். ஆனால் எந்தப் பதிலைப் பிடிப்பது என்பதில்தான் தொழில் இருக்கிறது. நான் தேடுவது, சொல்பவர் சற்றுக் கூச்சத்தோடு சொல்லும் பதிலை. ரோட்டில் காயவைப்பதும் அப்படி ஒன்று. அங்கே ஒரு நிஜமான சிரமம் இருக்கும். அதே சிரமத்தின் மறுமுனை பெரும்பாலும் வாங்குபவரிடம் இருக்கும்.

ஒரு கேள்வியை மட்டும் என் கூட்டங்களில் முடிந்தவரை தடுக்கிறேன்: “உங்களுக்கு எந்த ஊரு?” கேட்பவர் அன்பாகத்தான் கேட்கிறார். ஊரைச் சொன்னால், “ஊர்ல எங்க?” என்று அடுத்த கேள்வி வரும். எந்தப் பக்கம், யார் வீட்டுக்குப் பக்கத்தில், இன்னாரைத் தெரியுமா என்று போய், ஊரா காலனியா என்று தெரிந்த பிறகுதான் சிலருக்கு மூச்சு வரும். எங்கள் மாவட்டத்தில் இதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அந்த விசாரணையில் சிலர் ஒட்டிக்கொள்வார்கள், சிலர் மெதுவாக முறத்தை விட்டு விலகிப் போவார்கள். விலகியவரிடம் நல்ல உளுந்து இருந்திருக்கும். அதனால் சீட்டில் கம்பெனி பெயர், சரக்கு, எவ்வளவு இருக்கிறது என்பதோடு நிறுத்துகிறேன். ஊர்ப் பெயர் போடுங்கள் என்று அதிகாரிகள் கேட்பார்கள். பதிவேட்டில் இருக்கிறது சார் என்று சொல்லிவிடுவேன்.

பெண் இயக்குநர்கள் விஷயம் இன்னும் சிக்கல். வாங்க வந்தவர் கேள்வியை அந்த அம்மாவிடம் கேட்காமல் கூட வந்த தம்பியைப் பார்த்துக் கேட்பார். நம்பர் கேட்டால் வீட்டுக்காரர் நம்பர் வரும், பிறகு போன் செய்தால் வீட்டுக்காரர் எடுத்து, “அவங்க களையெடுக்கப் போயிருக்காங்க” என்பார். இதற்குப் பேச்சில் மருந்து இல்லை. ஒரு கம்பெனிக்கு ஒருவர்தான் மேசையருகே நிற்கலாம் என்று விதி வைத்தேன். தம்பிகள் வெளியே வண்டி நிழலில் நிற்கிறார்கள்.

சின்னச் சங்கதி ஒன்று: இங்கே மல்லாட்டை 80 கிலோ மூட்டைக் கணக்கு. சென்னைக்காரர் டன் கணக்கில் கேட்பார். மனக்கணக்குப் போடும் அந்த இரண்டு நொடியை ‘இவருக்கு விருப்பமில்லை’ என்று தப்பாக எடுத்துக்கொள்வார். சுவரில் ஒரு அட்டவணை ஒட்டியதும் தீர்ந்தது.

திருச்சிற்றம்பலத்தில் 2024-இல் டைடல் நியோ ஐ.டி. பூங்கா திறந்த பிறகு, ஐ.டி. பிள்ளைகளும் இப்படிக் கூட்டம் நடத்திக் கொடுக்க முடியுமா என்று கேட்கிறார்கள். அவர்களிடம் முறம் இல்லை. அறிமுகத்துக்குப் பதிலாக, “இந்த வாரம் எது உங்க உயிரை எடுத்துச்சு? அதை லேப்டாப்புல காட்டுங்க” என்று சொல்லச் சொன்னேன். மல்லாட்டைக்காரர்களைவிட வேகமாகப் பேச ஆரம்பித்தார்கள், நிறுத்தத்தான் முடியவில்லை.

இப்போதைக்கு என் பெரிய தகராறு தேதியோடுதான். மார்கழி, தையில் விதைத்த மல்லாட்டை பங்குனி, சித்திரையில் வெளியே வரும். சரக்கு கையில் வந்துவிட்டால் யாரும் தார்ப்பாயைப் பற்றிப் பேச மாட்டார்கள், ரேட்டு ஒன்றுதான் பேச்சு. அதனால் கூட்டம் தை மாதத்துக்குள் நடக்க வேண்டும். அலுவலகத்துக்கோ மார்ச் கடைசிக்குள் நிதியைச் செலவழித்தால் போதும், பங்குனியில் வைத்துக்கொள்ளலாமே என்கிறார்கள். தையிலோ ஒரு மண்டபம் கிடைக்காது, எல்லாம் முகூர்த்தம். இந்த வருடம் ஒரு பள்ளிக்கூடத்து ஹாலைக் கேட்டிருக்கிறேன். தலைமையாசிரியர் சம்மதித்துவிட்டார். இருநூறு நாற்காலி இருக்கிறது, போட்டுவிடவா என்கிறார். வேண்டாம் என்றால் அவர் நம்ப மறுக்கிறார்.