அம்பாசடரின் பங்காளி

ஆக்ஸ்போர்டுக்குத் தெற்கே தேம்ஸ் கரையில் ஆபிங்டன் என்றொரு சின்ன ஊர். அரச குடும்பத்தில் முடிசூட்டு விழா வந்தால் ஊர்ப் பெரிய மனிதர்கள் கவுன்ட்டி ஹால் மொட்டைமாடியில் ஏறி, கீழே கூடியிருக்கும் கூட்டத்தின் மேல் பன் ரொட்டி வீசுவார்களாம். நான் போன சமயம் ராஜாவுக்கு விசேஷம் எதுவும் இல்லை, ரொட்டியும் விழவில்லை. 17ஆம் நூற்றாண்டில் கட்டிய அந்தக் கட்டடம் இப்போது அருங்காட்சியகம். உள்ளே ஒரு கார் நிற்கிறது. 1980இல் இந்த ஊர்த் தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த கடைசி எம்ஜிபி கார்களில் ஒன்று.

எம்ஜி என்றால் மோரிஸ் கராஜஸ். ஆக்ஸ்போர்டில் மோரிஸ் கார் விற்ற கடையின் மேலாளர் செசில் கிம்பர், சாதாரண மோரிஸ் வண்டிக்கு ஒயிலான உடம்பு கட்டி விற்கத் தொடங்கினார். அதுதான் ஆரம்பம். 1929இல் ஆபிங்டனுக்கு வந்த தொழிற்சாலை 1980 அக்டோபரில் மூடப்பட்டது. தேடிப் போனால் அந்த இடத்தில் போலீஸ் நிலையம் இருக்கிறது. தொழிற்சாலையின் ஐம்பதாவது ஆண்டுக்காகக் காய்ச்சிய ‘ஓல்ட் ஸ்பெக்கிள்ட் ஹென்’ பீர் மட்டும் இன்றும் கடைகளில் ஓடுகிறது. தொழிற்சாலைக்குள் ஓடித் திரிந்த, பெயின்ட் தெறித்துப் புள்ளி விழுந்த ஒரு பழைய எம்ஜியின் செல்லப் பெயர்தான் அந்தப் பாட்டிலில் ஒட்டியிருக்கிறது.

என்னை இங்கே இழுத்து வந்தது மனைவியின் தம்பி. மருத்துவமனை வேலை, வாடகை வீடு, மழை இவற்றுக்கு நடுவே அவனுக்கு ஒரு ஸ்போர்ட்ஸ் கார் ஆசை. “அத்தான், புது வண்டிக்கு முன்பணம் கட்டுற காசுல முழு எம்ஜிபியே வாங்கிடலாம்” என்றான். நம்பவில்லை. ஆனால் கணக்கு சரியாகத்தான் இருந்தது. 1962 முதல் 1980 வரை ஐந்து லட்சத்துக்கும் மேல் செய்த கார் இது. பெரும்பாதி அமெரிக்காவுக்குக் கப்பலேறினாலும் இங்கிலாந்தில் இன்னும் நிறையவே இருக்கிறது. அரிய பொருள் இல்லை என்பதால் விலையும் ஏறவில்லை.

அதிலும் மலிவு, ரப்பர் பம்பர் வைத்தவை. அமெரிக்கப் பாதுகாப்பு விதிகளுக்காக 1974 கடைசியில் பளபளக்கும் குரோம் பம்பரைக் கழற்றிவிட்டுக் கறுப்பாக ஒரு பெரிய மூக்கை மாட்டினார்கள். வண்டியையும் கொஞ்சம் உயர்த்தினார்கள். ரசிகர்களுக்கு அது பிடிக்கவே இல்லை, இன்றும் முகம் சுளிக்கிறார்கள். எனக்கென்னவோ அந்த மூக்கு பிடித்துத்தான் இருந்தது. பிடிக்காவிட்டாலும் அடுத்தவர் சுளிப்பில் நமக்குப் பணம் மிச்சம்.

காட்ஸ்வோல்ட்ஸ் பக்கம் ஒரு கிராமத்தில், ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவரின் கொட்டகையில் 1976ஆம் ஆண்டு ஜிடி ஒன்று இருந்தது. கூரை வைத்த மாடல். சிவப்பு வெளுத்துச் செங்கல் நிறமாகியிருந்தது. விலை 2,500 பவுண்டு, நம் கணக்கில் சுமார் மூன்று லட்சம் ரூபாய். அவர் பேட்டரியை இணைத்துச் சாவியைத் திருப்பினார். செல்ஃப் எடுத்தது. டப்பெட் சத்தம் லேசாகக் கடகடக்க என்ஜின் ஓட ஆரம்பித்ததும் நான் மைத்துனனைப் பார்த்தேன், அவன் என்னைப் பார்த்தான். திருநெல்வேலி ஜங்ஷனில் நிற்கும் அம்பாசடர் டாக்சி சத்தம்!

காரணம் இருக்கிறது. ஆஸ்டினும் மோரிஸும் 1952இல் இணைந்து உருவான பிஎம்சி நிறுவனத்தின் ‘பி சீரிஸ்’ என்ஜின்தான் இரண்டிலும். அம்பாசடரில் ஓடியது 1,489 சிசி, எம்ஜிபியில் இருப்பது 1,798 சிசி. நம் அம்பாசடரே ஆபிங்டனுக்குப் பக்கத்தில் கவுலியில் செய்த மோரிஸ் ஆக்ஸ்போர்டின் மறுபதிப்புதான். எஸ்யு கார்புரேட்டர் தலையில் சொட்டு எண்ணெய் விடும் வேலையை அம்பாசடர் டிரைவர் எவருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. இங்கே ஒன்றுக்கு இரண்டு கார்புரேட்டர், அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆனால் என்ஜினைப் பார்த்து மயங்கி இந்தக் காரை வாங்கக் கூடாது. இதற்குத் தனி சேஸிஸ் கிடையாது, உடம்பேதான் எலும்பு. கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் சில் பகுதிதான் முதுகுத்தண்டு. அது ஒரே தகடும் அல்ல. வெளியே ஒன்று, நடுவில் ஒன்று, உள்ளே ஒன்று என அடுக்கடுக்காக வைத்துப் பற்றவைத்தது. குளிர்காலத்தில் பனி உருகச் சாலையில் உப்பு தூவும் நாடு அது. உப்புத் தண்ணீர் அந்த அடுக்குகளுக்குள் புகுந்து உட்கார்ந்துகொள்கிறது. வெளியே பார்த்தால் பெயின்ட் மினுமினுக்கும், உள்ளே தகடு அப்பளமாக நொறுங்கும்.

கண்டுபிடிக்க அங்கே எல்லோருக்கும் தெரிந்த ஒரு வழி உண்டு. ஜாக்கி வைத்துப் பக்கத்தைத் தூக்கி, கதவைச் சுற்றியுள்ள இடைவெளியைப் பார்க்க வேண்டும். கதவு இறுகினால் வண்டி நடுவில் மடங்குகிறது என்று பொருள், நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பிவிடலாம். ஆசிரியரே ஜாக்கியை எடுத்துக் கொடுத்தார். இடது கதவு சுகமாகத் திறந்து மூடியது. வலது கதவு கொஞ்சம் முரண்டு பிடித்தது. மைத்துனன் சின்னக் காந்தம் ஒன்றை எடுத்து ஓட்டிப் பார்த்தான். பின் சக்கரத்துக்கு மேல் அது ஒட்டாமல் விழுந்தது, அங்கே இரும்பு இல்லை, பட்டி பூசியிருக்கிறது. ஆசிரியர் மறுக்கவில்லை. விலை 2,000க்கு இறங்கியது, மைத்துனன் வாங்கிவிட்டான்.

அதற்குப் பிறகு பார்த்ததுதான் எனக்கு அதிசயம். வலது பக்க சில் தகடுகள், சக்கர வளைவு, கேஸ்கெட், கதவு ரப்பர், கம்பளம் வரை எல்லாம் புதிதாகவே கிடைக்கின்றன. தொழிற்சாலை மூடி நாற்பது வருடத்துக்கு மேலாகிறது. கம்பளிக்குப் பேர்போன விட்னியில் பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிடேஜ் என்ற நிறுவனம், பழைய அச்சுகளைத் தேடிச் சேர்த்து எம்ஜிபியின் முழுக் கூட்டையே புதிதாக அடித்துத் தருகிறது. 1988இல் தொடங்கிய வேலை. முழுக் கூடு பத்தாயிரம் பவுண்டைத் தாண்டும், நமக்கு வேண்டாம். ஆனால் ஒரு துண்டுத் தகடு வேண்டுமென்றாலும் தருகிறார்கள்.

வெல்டருக்குப் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்தேன். சில்லை அறுப்பதற்கு முன்பும் பற்றவைத்த பின்பும் கதவை மூடி இடைவெளியைச் சரிபார்த்துக்கொண்டே இருந்தார். தகட்டைவிட அந்தப் பொறுமைக்குத்தான் கூலி கொடுக்க வேண்டும். மின்சாரப் பாகங்களில் லூகாஸ் என்று பொறித்திருந்தது. சென்னை பாடியில் லூகாஸ் பஸ் ஸ்டாப்பில் நின்றவனுக்கு அது ஊர்க்காரனைப் பார்த்த மாதிரி. வெள்ளைக்காரர்களோ லூகாஸை ‘இருளின் இளவரசன்’ என்று கேலி செய்கிறார்கள், விளக்கு எப்போது அணையும் என்று தெரியாதாம். பெரும்பாலும் துருப்பிடித்த எர்த் வயர் முனைகள்தான் காரணம். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தோம், விளக்கு எரிந்தது.

நாற்பது வயது கடந்த வண்டிக்கு அந்த நாட்டில் சாலை வரி இல்லை, பெரிய மாற்றம் செய்யாதிருந்தால் வருடாந்திரச் சோதனையும் கட்டாயமில்லை. நம் நாட்டில் ஐம்பது வயது கடந்த வண்டிக்கு 2021இல் ‘விஏ’ எண் வரிசை தந்தார்கள், ஆனால் அன்றாடம் ஓட்ட அனுமதி கிடையாது.

மேற்கு வங்கத்தின் உத்தர்பாரா தொழிற்சாலையில் 2014இல் அம்பாசடர் உற்பத்தி நின்றுபோனது. வீட்டு முற்றத்தில் அம்பாசடர் வைத்திருப்பவர்கள் அதைப் பழைய இரும்புக் கடைக்குத் தள்ளிவிடாதீர்கள். ஓட்ட முடியாவிட்டால், ஓட்டுகிற ஒருவருக்குக் கொடுங்கள். கதவு, கார்புரேட்டர், என்ஜின் எதுவானாலும் அவருக்கு உதவும்.