திருகோணமலையில் பூங்காவைத் தேடி

அயல்நாட்டுக்குச் சென்று சில காலம் வேலை பார்ப்பது, அதில் கிடைக்கும் ஊதியத்தைக் கொண்டே ஊர் சுற்றிப் பார்ப்பது என்ற வழக்கம் இன்றைய இளைஞரிடையே பரவி வருகின்றது. ஆஸ்திரேலியா, நியூஸிலாந்து முதலிய நாடுகள் இதற்கென்றே தனி விசா வழங்குகின்றன. நாற்பதைக் கடந்த நம்மைப் போன்றோருக்கு அந்த விசா கிட்டாது. எனினும் கல்லூரி விடுமுறையில் இரண்டு மாதம் திருகோணமலையில் தங்கும் வாய்ப்பு நமக்குக் கிடைத்தது. காலையில் மாணவர்க்குத் தமிழ் வகுப்பு. மாலை முழுவதும் நமதே. கையில் காசு குறைவாகவும் பொழுது மிகுதியாகவும் உள்ளவனுக்கு உற்ற நண்பன் பூங்காதான். நுழைவுக் கட்டணம் இல்லை. எவ்வளவு நேரம் உட்கார்ந்தாலும் எழுப்பிவிடுவாரும் இல்லை.

ஆனால் திருகோணமலையில் பேராதனையைப் போன்ற தாவரத் தோட்டம் கிடையாது. கொழும்பின் விகாரமகாதேவிப் பூங்காவைப் போன்றதும் இல்லை. "இங்கே பூங்கா எந்தப் பக்கம்?" என்று வீட்டுக்காரரைக் கேட்டோம். அவர் சிரித்துவிட்டு, "முற்றவெளிக்குப் போங்கோ ஐயா, பிறகு கோட்டைக்குள்ளே போங்கோ. மான் எல்லாம் பார்க்கலாம்" என்றார்.

முற்றவெளி! எத்துணை இனிய சொல்! வீட்டுக்கு முற்றம் இருப்பது போல ஊருக்கும் ஒரு முற்றம். ஆனால் அது பிறந்த கதை அவ்வளவு இனியதன்று. கோட்டை கட்டியோர், மதிலுக்கு முன்னே வீடோ மரமோ இருந்தால் பகைவன் மறைந்து வருவான் என்று அஞ்சி, பீரங்கிக் குண்டு தடையின்றிப் பாய்வதற்காக அவ்விடத்தை வெறுமையாக வைத்திருப்பர். கொழும்பின் காலிமுகத்திடலும் கல்கத்தாவின் மைதானமும் இவ்வாறு தோன்றியவையே. சென்னையில் புனித ஜார்ஜ் கோட்டைக்கு வடக்கே இருந்த பழைய கறுப்பர் நகரத்தை இடித்து வெளியாக்கியதும் இதற்காகவே. பீரங்கிகள் ஓய்ந்த பிறகு அந்த வெளிகளில் சிறுவர்கள் பந்தாடத் தொடங்கினர். திருகோணமலையிலும் அப்படித்தான். பத்திரகாளி அம்மன் கோயில் மணியோசை ஒருபுறம், கிரிக்கெட் ஆடும் பிள்ளைகளின் கூச்சல் மறுபுறம்.

அங்கே புனித ஸ்டீபன் இடுகாடு என்னும் பழைய கல்லறைத் தோட்டம் ஒன்று உண்டு. ஆங்கில இலக்கியம் பயிலும் மாணவர் கட்டாயம் காணவேண்டிய இடம் அது. ஜேன் ஆஸ்டின் அம்மையாரின் இளைய சகோதரர் சார்லஸ் ஆஸ்டின் இங்கு அடக்கம் செய்யப்பட்டுள்ளார். ஆங்கிலக் கடற்படையின் கீழ்த்திசைப் பிரிவுக்குத் தலைவராயிருந்த அவர், பர்மியப் போரின்போது ஐராவதி ஆற்றில் கப்பலில் இருந்தபடியே வாந்திபேதியால் 1852 அக்டோபரில் காலமானார். அவர் தமக்கை 1817இலேயே மறைந்துவிட்டார். கப்பற்படையில் பதவி உயர்வுக்கு ஏங்கும் இளைஞர்களை அவ்வம்மையார் தம் புதினங்களில் வரைந்ததற்கு இத்தகைய சகோதரர்கள் காரணம் என்பர்.

கோட்டைக்குள் நுழைவோம். வாயிற்சுவரில் பழைய தமிழ்க் கல்வெட்டுத் துண்டு ஒன்று பதிக்கப்பட்டிருக்கின்றது. அருகே பாண்டியரின் இரட்டைக் கயல். போர்த்துக்கீசியர் 17ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் கோணேசர் கோயிலை இடித்து, அதன் கற்களைக் கொண்டே கோட்டை எழுப்பியதன் சாட்சி அது. 1639இல் டச்சுக்காரர் பிடித்தனர். 1782இல் மட்டும் இக்கோட்டை இருமுறை கைமாறியது: ஜனவரியில் ஆங்கிலேயரிடம், ஆகஸ்டில் பிரெஞ்சுத் தளபதி சப்ரேனிடம். 1795இல் ஆங்கிலேயர் மீண்டும் கைப்பற்றி, பின்னர்த் தம் அரசர் மகன் பிரெடரிக்கின் பெயரை இதற்குச் சூட்டினர். இன்று இலங்கை இராணுவம் இருக்கும் கோட்டை இது. ஆயினும் கோயிலுக்குச் செல்லும் பாதை இதனூடேதான் போகின்றது. ஆகவே எவரும் தடையின்றி நடக்கலாம்.

பெருமரங்களின் நிழலில் புள்ளிமான்கள் படுத்து அசைபோடுகின்றன. காட்டு மானுக்குரிய மருட்சி இவற்றுக்கு இல்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகள் நீட்டும் வாழைப்பழத்தை உரிமையோடு வந்து வாங்குகின்றன. மாலையில் கோட்டையை விட்டு இறங்கிக் கடற்கரைக்கும் கடைவீதிக்கும் வந்துவிடுகின்றன. வருவோர் வீசியெறியும் பிளாஸ்டிக் பைகளையும் சோற்றுப் பொட்டலத் தாள்களையும் அவை மென்று விழுங்குவதைக் கண்டபோது நெஞ்சு பதைத்தது. கோயிலுக்கு வருவோர் ஒரு பையைத் திரும்ப எடுத்துச் செல்வதில் என்ன கடினம் இருக்கின்றது?

பாதையோரத்தில் ஒரு பழைய வீட்டைக் காட்டி வெல்லெஸ்லி மாளிகை என்கின்றனர். பின்னாளில் வாட்டர்லூவில் நெப்போலியனை வென்ற வெல்லிங்டன் பிரபு, 1800ஆம் ஆண்டு இறுதியில் படையோடு இவ்வூரில் தங்கினார். இங்கிருந்து பம்பாய் போனதும் காய்ச்சலில் விழுந்தார். அதனால் அவர் ஏறாமல் விட்ட கப்பல் கடலில் மூழ்கிப்போயிற்று. ஒரு காய்ச்சல் ஐரோப்பாவின் சரித்திரத்தையே மாற்றியது எனலாம்.

பாதையின் முடிவில் சுவாமி மலை. ஞானசம்பந்தர் பாடிய கோணமாமலை இதுவே. செங்குத்தான பாறையின் அடியில் கடல் நீலமும் கருமையுமாகக் கிடக்கின்றது. துறைமுக வாயிலை ஒட்டியே கடலடியில் ஆழமான பள்ளத்தாக்கு இருப்பதால், கரைக்கு மிக அருகே நீலத் திமிங்கிலங்கள் வருகின்றன; பருவகாலத்தில் பாறை மேலிருந்தபடியே அவை நீரைப் பீச்சுவதைப் பார்க்கலாம். விஞ்ஞானக் கதைகள் எழுதிய ஆர்தர் கிளார்க்கும் அவர் நண்பர் மைக் வில்சனும் 1956இல் இக்கடலில் மூழ்கி, இடிந்த கோயிலின் தூண்களைக் கண்டனர். வில்சன் வெளிக்கொணர்ந்த இலிங்கம் பின்னர் ஆலயத்தில் வைக்கப்பட்டது. புதிய கோயிலுக்கு 1963இல் குடமுழுக்கு நடந்தது. மூன்று நூற்றாண்டுகளுக்கு மேல் வெறும் பாறைக்குப் பூசை செய்து வந்த மக்களின் பொறுமையை என்னென்பது!

நகருக்கு வடக்கே நிலாவெளி வீதியில், உப்புவெளியில், இரண்டாம் உலகப் போரில் மாண்டோரின் மயானம் உள்ளது. ஜப்பானிய விமானங்கள் 1942 ஏப்ரல் 9ஆம் நாள் இத்துறைமுகத்தைத் தாக்கின. ஹெர்மிஸ் என்னும் விமானந்தாங்கிக் கப்பல் அன்று மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கடிக்கப்பட்டது. வரிசையான நடுகற்கள், ஒழுங்காக வெட்டிய புல், பூச்செடிகள். உண்மையைச் சொன்னால், இம்மாவட்டத்தில் மிக நன்றாகப் பேணப்படும் பூங்கா இதுதான்.

உட்துறைமுக வீதியோ நடப்போருக்கு ஏற்றது. மலைகள் சூழ்ந்த நீர், குளம் போல் அசையாது நிற்கும். தி. த. சரவணமுத்துப்பிள்ளையை அங்கே நினைத்துக்கொண்டோம். இவ்வூரிற் பிறந்து, நமக்கு நேர் எதிர்த் திசையில் கடல் கடந்து சென்னைக்குச் சென்று படித்து, அங்கேயே பணியாற்றி, 1895இல் 'மோகனாங்கி' என்னும் வரலாற்றுப் புதினத்தை வெளியிட்டவர் அவர். தமிழில் அவ்வகையில் முதல் நூல் அது. அவருக்கு மாலை நேரங்களில் சென்னைக் கடற்கரை ஆறுதலாக இருந்திருக்குமோ?

எல்லா இடங்களையும் விட நாம் அதிகம் அமர்ந்தது டச்சுக் குடாக் கடற்கரையில். காற்றும் கச்சானும் அங்கே குறைவின்றிக் கிடைக்கும். நாம் நிலக்கடலை என்பதை ஈழத்தார் கச்சான் என்பர். ஆடியில் வீசும் வறண்ட தென்மேற்குக் காற்றுக்கும் இப்பகுதியில் அதே பெயர். ஆகவே கச்சான் வீசக் கச்சான் தின்னலாம்!

அங்கேயே காந்தியடிகளின் சிலை நிற்கின்றது. 2006 ஜனவரி 2ஆம் நாள் மாலை, சிலைக்கருகே இருபது வயதை ஒட்டிய மாணவர் சிலர் பேசிக்கொண்டிருந்தனர். முச்சக்கர வண்டியொன்றிலிருந்து கைக்குண்டு வீசப்பட்டது. பின்னர் துப்பாக்கிகள் வெடித்தன. ஐந்து மாணவர் மாண்டனர். அவர்களே வைத்திருந்த குண்டு வெடித்தது என்று முதலில் சொல்லப்பட்டது. உடல்களிற் பாய்ந்திருந்த துப்பாக்கிக் குண்டுகளின் தடத்தைப் படமெடுத்து வெளிப்படுத்திய தமிழ்ச் செய்தியாளர், அதே மாதம் 24ஆம் நாள் சுட்டுக் கொல்லப்பட்டார். குற்றஞ்சாட்டப்பட்ட பாதுகாப்புப் படையினர் பதின்மூவரையும் 2019இல் நீதிமன்றம் போதிய சாட்சியம் இன்மையால் விடுவித்தது. மைந்தரை இழந்த பெற்றோர்க்கு யார் விடை கூறியுள்ளனர்? அன்று அப்பிள்ளைகள் வேறெதுவும் செய்யவில்லை. நாம் உட்கார்ந்தது போலவே அவர்களும் கடலைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள்.

கச்சான் விற்கும் முதியவர் ஒருவரிடம் அக்காலத்தைப் பற்றிக் கேட்டோம். "ஐயா இந்தியாவோ?" என்று கேட்டுவிட்டுச் சற்று நேரம் பேசாதிருந்தார். "அதுக்குப் பிறகு கனகாலம் பொழுதுபட்டால் ஒருத்தரும் இந்தப் பக்கம் இல்லை. நான் வண்டிலை வீட்டிலேயே விட்டிட்டன்" என்றார். 2009இல் போர் முடிந்து சில ஆண்டுகள் சென்ற பிறகே மறுபடியும் வண்டிலைத் தள்ளிக்கொண்டு வந்தாராம். நாம் பேசிக்கொண்டிருந்த போது, கல்லூரி மாணவர் ஐந்தாறு பேர் சைக்கிள்களைச் சாய்த்துவிட்டு மணலில் அமர்ந்தனர். முதியவர் எழுந்து, அவர்களுக்காகக் கச்சானைச் சரை சுற்றத் தொடங்கினார்.