அக்கா தூங்கினாள்... சர்வர் தூங்கவில்லை!

2023 டிசம்பர் 3, ஞாயிற்றுக்கிழமை. மிக்ஜாம் புயல் சென்னையை நெருங்கிக்கொண்டிருந்த இரவு. மயிலாப்பூர் கச்சேரி ரோட்டுக்குப் பின்னால் இருக்கும் எங்கள் வாடகை வீட்டில், அம்மா குடம், வாளி என்று கையில் கிடைத்ததிலெல்லாம் தண்ணீர் பிடித்து வைத்துக்கொண்டிருந்தாள். நான் மெழுகுவத்தி தேடிக்கொண்டிருந்தேன். அக்கா மட்டும் லேப்டாப் முன்னால் உட்கார்ந்து, அமெரிக்காவில் எங்கோ இருக்கும் ஒரு டேட்டாபேஸை நிறுத்திக்கொண்டிருந்தாள்.

அவள் டேட்டாபேஸ் அட்மின். அதற்கு என்ன அர்த்தம் என்று சொந்தக்காரர்கள் கேட்டால் அம்மா, "கம்ப்யூட்டருக்கு ஒட்டுப்போடற வேலை" என்பாள். கிண்டலாகச் சொன்னாலும் பாதி சரிதான். ஆரக்கிள் நிறுவனம் ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் என்று ஆண்டுக்கு நான்கு முறை பாதுகாப்பு பேட்ச்களை வெளியிடும். அவற்றைப் போடாமல் விட்டால், ஓட்டை எங்கே இருக்கிறது என்று தெரிந்த திருடனுக்குக் கதவைத் திறந்து வைத்த மாதிரி. அக்கா அன்று போட வேண்டியது, அந்த ஆண்டு அக்டோபர் 17-ம் தேதி வந்த பேட்ச்.

"புயல் வருதே, தள்ளிப்போடக் கூடாதா?" என்று கேட்டேன்.

"கேட்டுப் பார்த்தேன். இன்னிக்கு விட்டா அடுத்த மாசம்தான்னு சொல்லிட்டாங்க. அவங்களுக்கு இது ஞாயிறு மத்தியானம். மழையாவது, புயலாவது!"

பேட்ச் போடும் வேலை பாதியில் நிற்கக் கூடாது. சில ஃபைல்கள் பழசாகவும் சில புதுசாகவும் கிடந்தால், டேட்டாபேஸ் திரும்ப எழுந்திருக்குமா என்பதே சந்தேகம். ஆனால், நம் வீட்டு லேப்டாப்பிலிருந்து தூரத்து சர்வரில் ஒரு வேலையைச் சாதாரணமாக ஓடவிட்டால், நம் இணைப்பு அறுந்ததும் அந்த வேலையும் நின்றுபோகும். அந்தக் காலத்தில் டெலிபோன் லைன் வழியாக கம்ப்யூட்டரோடு பேசினார்கள். லைன் கட்டானால், 'ஆள் போனை வைத்துவிட்டார்' என்று புரிந்துகொண்டு கம்ப்யூட்டர் வேலையை நிறுத்திவிடும். அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை. அதற்கு மாற்றாகத்தான் 'நோஹப்' என்று ஒரு கட்டளை. 'நோ ஹேங்கப்' என்பதன் சுருக்கம். நான் போனை வைத்தாலும் நீ வேலையை நிறுத்தாதே என்று அர்த்தம்.

"அதைப் போட்டுட்டா போதுமா?" என்றேன்.

"அது கடைசி வேலைடி" என்றாள் அக்கா.

அதற்கு முன்னால் அவள் செய்தவற்றை அன்றுதான் முழுசாகப் பார்த்தேன். பேக்கப் சரியாக எடுக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்தாள். டிஸ்க்கில் இடம் இருக்கிறதா என்று பார்த்தாள். அதே பேட்ச்சை இரண்டு வாரம் முன்பே ஒரு சோதனை சர்வரில் போட்டுப் பார்த்திருந்தாள். பேட்ச் போடும்போது, 'டேட்டாபேஸை நிறுத்திவிட்டாயா, ஆரம்பிக்கலாமா?' என்று நடுநடுவே கேள்வி வரும். பதில் சொல்ல ஆள் இல்லையென்றால் விடிய விடிய அப்படியே காத்துக்கிடக்கும். அதனால் அந்தக் கேள்விகளுக்கும் முன்கூட்டியே பதில் கொடுத்திருந்தாள். ஏதாவது ஒரு படி தப்பினால் அடுத்த படிக்குப் போகாமல் அங்கேயே நிற்கும்படி எழுதியிருந்தாள். நடப்பதெல்லாம் ஒரு லாக் ஃபைலில் பதிவாகும். கோயம்புத்தூரில் இருக்கும் டீம் ஆளுக்கு போன் செய்து, "நான் காணாமப் போயிட்டா நீங்க லாகைப் பாத்துக்கங்க" என்று சொல்லியும் வைத்தாள்.

ஒரு மணிக்கு ஓடவிட்டாள். ஒன்று இருபதுக்கு கரன்ட் போனது, கூடவே வைஃபையும். மொபைலில் ஒரு கோடு சிக்னல் வந்து வந்து போனது. நான் பதறினேன். அக்கா லேப்டாப்பை மூடிவிட்டு, போர்வையை இழுத்துக்கொண்டு படுத்தாள். ஐந்து நிமிடத்தில் குறட்டை! நாலு மணி வாக்கில் அவள் மொபைலில் ஒரு எஸ்.எம்.எஸ் வந்திருந்தது: முடிந்தது, டேட்டாபேஸ் எழுந்துவிட்டது.

கதை இதோடு முடிந்திருந்தால் இதை எழுதியிருக்கவே மாட்டேன்.

டிஜிட்டல் டெஸ்க்கில் எங்களுக்கும் ஒரு 'நோஹப்' உண்டு. அதற்கு ஷெட்யூல் என்று பெயர். வெள்ளிக்கிழமையே நான் ஒரு கட்டுரை எழுதி, திங்கட்கிழமை காலை 7 மணிக்கு வரும்படி வைத்துவிட்டு வந்திருந்தேன். மழைக்கு இதமாக மொறுமொறு பஜ்ஜி ஐந்து வகை. கூடவே, 'இந்த மழைக்கு உங்க வீட்ல என்ன ஸ்பெஷல்?' என்று சோஷியல் மீடியாவில் ஒரு கேள்வியும்.

திங்கட்கிழமை சென்னை எப்படி இருந்தது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வேளச்சேரியும் பள்ளிக்கரணையும் முடிச்சூரும் தண்ணீரில் நின்றன. விமான நிலைய ஓடுபாதையிலும் தண்ணீர். எங்கள் வீட்டில் கரன்டும் இல்லை, சிக்னலும் இல்லை. என் பஜ்ஜி மட்டும் ஏழு மணிக்கு டாணென்று போய்ச் சேர்ந்துவிட்டது.

சாயங்காலம் சிக்னல் வந்தபோதுதான் பார்த்தேன். அதற்குள் சீனியர் ஒருவர் கட்டுரையை எடுத்துவிட்டிருந்தார். அதற்கு முன் வந்த கமென்ட்களின் ஸ்கிரீன்ஷாட்டை அனுப்பியிருந்தார். ஒன்று இன்னும் நினைவிருக்கிறது. மாடியில் கைக்குழந்தையோடு நிற்கிறோம், பால் கிடைக்கவில்லை, உங்களுக்கு பஜ்ஜி கேட்கிறதா என்று ஒரு பெண் எழுதியிருந்தார். மன்னிப்புக் கேட்டு பதில் எழுத உட்கார்ந்தேன். பதிவையே எடுத்துவிட்டதால் பதில் போட இடமில்லை. அவருக்குப் பால் கிடைத்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அக்காவிடம் சொல்லி அழுதேன். "நீயும் தூங்கினே, நானும் தூங்கினேன். எனக்கு மட்டும் ஏன்க்கா இப்படி?" என்று கேட்டேன்.

"நான் படுக்கறதுக்கு முன்னாடி, தப்பா போனா யார் நிறுத்துவாங்கன்னு முடிவு பண்ணிட்டேன். நீ பண்ணலை" என்றாள். அவ்வளவுதான். ஆறுதல் சொல்லவில்லை.

அந்த வார்த்தைக்கு முழு அர்த்தம் புரிந்தது 2024 ஜூலை 19-ம் தேதி. கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய ஒரு அப்டேட்டால் உலகம் முழுக்க விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் நீலத்திரை காட்டி முடங்கின. அன்று டெஸ்க்கில் நான்தான். நம் நேரப்படி காலை 9.39-க்குப் போன அப்டேட் அது. 78 நிமிடங்களில் திரும்பப் பெற்றுவிட்டார்கள். ஆனால், முடங்கிய கம்ப்யூட்டருக்கு அது எப்படித் தெரியும்? சுமார் 85 லட்சம் கம்ப்யூட்டர்கள் பாதிக்கப்பட்டதாக மைக்ரோசாஃப்ட் கணக்குச் சொன்னது. பெரும்பாலும் ஆள் போய் ஒவ்வொன்றாகச் சரிசெய்ய வேண்டியிருந்தது. நம் விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள்.

"தானா ஓடினது தப்பில்ல. எல்லா இடத்துலயும் ஒரே நேரத்துல ஓடினதுதான் தப்பு" என்றாள் அக்கா. அந்த நிறுவனமும் பிறகு, அப்டேட்களைக் கொஞ்சம் கொஞ்சமாக அனுப்பும் முறைக்கு மாறியது.

இப்போது ஒரு கட்டுரையை ஷெட்யூல் செய்தால், நைட் ஷிஃப்ட்டில் இருப்பவருக்கு ஒரு வரி அனுப்பாமல் நான் வீட்டுக்குக் கிளம்புவதில்லை. என்ன வரப்போகிறது, எத்தனை மணிக்கு, எப்படி நிறுத்துவது. ரெட் அலர்ட் என்று செய்தி வந்தால், முதலில் திறப்பது ஷெட்யூல் லிஸ்ட்டைத்தான். போன மழைக்கு அப்படி இரண்டு கட்டுரைகளை நிறுத்தினேன். ஒன்று, மழைக்கால சூப்.

அம்மாவிடம் இதைச் சொன்னேன். "பாலை அடுப்புல வச்சுட்டு வெளியே போறவ, பக்கத்துல ஒருத்தர்கிட்ட சொல்லிட்டுத்தானே போவா? இதுக்கா இவ்ளோ படிச்சீங்க ரெண்டு பேரும்?" என்றாள்.