சூடேறினால் இறங்கும் முள்

கரிந்த ஆயிலில் டீசல் கலந்தால் ஒரு தனி வாடை வரும், பழைய டிராக்டரின் டிப் ஸ்டிக்கை உருவி மூக்கருகே கொண்டுபோனால் சட்டென்று பிடிபடும், அந்த வாடை அடிக்கிற எஞ்சினில் ஆயில் பிரஷர் மீட்டரின் முள் நிலையாக நிற்காது. கொட்டகையோரம் வருஷக்கணக்காக நின்றுவிட்ட பெரியப்பாவின் மாசி பெர்குசன் 1035-ஐ மறுபடி ஓடவைக்க முனைந்திருக்கும் எனக்கு, அந்த வாடையோடு சேற்று வாசமும் வெற்றிலை வாசமும் சேர்ந்தே வருகின்றன.

மேட்டூரில் ஜூன் 12-ல் தண்ணீர் திறந்தால் மன்னார்குடிப் பக்கம் குறுவைக்குச் சேறடிக்க கேஜ் வீல் மாட்டுவார்கள், விடியும் முன்பே பெரியப்பா வண்டியை ஸ்டார்ட் செய்துவிட்டு உடனே ஏறமாட்டார், ஒரு வெற்றிலை மென்று முடிகிற வரைக்கும் பானெட்டின் மேல் கையை வைத்துக்கொண்டு முள்ளையே பார்த்து நிற்பார், அது ஏறி நின்ற பிறகுதான் ஆக்சிலேட்டரைத் தொடுவார். தண்ணீர் முறை போய்விடுமே என்று வயலில் நிற்பவர்கள் கத்தினாலும் அசையமாட்டார். கிராங்குக்கும் பேரிங்குக்கும் நடுவே ஆயில் படலம் விழ அந்த நேரம் வேண்டும் என்பது அன்று எங்கள் யாருக்கும் தெரியாது.

வண்டிக்கு வைத்தியம் பார்த்த மேஸ்திரி கருவிப் பெட்டியைக் கடைசியில்தான் திறப்பார், டிப் ஸ்டிக்கிலிருந்து ஒரு சொட்டைக் கட்டைவிரலில் எடுத்துச் சுட்டுவிரலோடு தேய்ப்பார், முகர்வார், வெயிலில் திருப்பி உலோக மினுமினுப்பு தெரிகிறதா என்று பார்ப்பார். "பம்பு ஆயிலைத் தள்ளத்தான் தள்ளும் தம்பி, பிரஷரைக் கொடுக்கிறது பேரிங்கு இடுக்கு, வரப்புல எலி வளை இருந்தா மடையை எவ்வளவு தூக்கினாலும் கடைசி வயலுக்குத் தண்ணி ஏறுமா?" என்பார். குளிரில் நன்றாக ஏறி, சூடானதும் முள் சரிந்தால் தேய்மானம், குளிரிலேயே ஏறவில்லை என்றால் சம்ப்பில் ஜல்லடை அடைப்பு, உறிஞ்சு குழாயில் காற்று, அல்லது ரிலீஃப் வால்வில் தூசி, ஸ்பிரிங் தளர்வு. ஆயில் மட்டம் ஊற்றாமலே உயர்ந்தால் டீசல் லிஃப்ட் பம்பின் டயஃப்ரம் கிழிந்திருக்கிறது. இத்தனையும் அவர் ஒரு போல்ட்டைக்கூடத் தொடாமல் சொன்னவை, அதற்குக் காரணமும் இருந்தது, இந்த வண்டியில் முன் அச்சைத் தாங்கும் பாகமே வார்ப்பிரும்புச் சம்ப்போடு பிணைந்திருப்பதால் அதைக் கழற்றுவது அரை வண்டியைப் பிரிப்பதற்குச் சமம்.

அவரோடு தஞ்சாவூர் லேத்துப் பட்டறைக்குப் போனது ஒரு கோடை மத்தியானம், கண்ணாடி ஓட்டின் வழியே விழுந்த வெளிச்சத்தில் இரும்புத் தூள் மினுங்கியது, கூலன்ட் வாடையும் மண்ணெண்ணெய் வாடையும் தொண்டையை அடைத்தன, பட்டறைப் பெரியவர் மைக்ரோமீட்டரைக் கிராங்கின் ஒவ்வொரு ஜர்னலிலும் குறுக்கும் நெடுக்கும் வைத்து அளந்து, முட்டை வடிவமாகத் தேய்ந்ததைச் சாக்பீஸால் குறித்து, 0.010 அங்குலம் அரைத்தால் போதுமா 0.020 போகவேண்டுமா என்று நெடுநேரம் யோசித்தார். அந்த யோசனைக்கு அவர் காசு வாங்கியதாக நினைவில்லை.

இப்போது கடைக்குப் போனால், வண்டி என்ன, முள் எங்கே நிற்கிறது என்று எதுவும் கேட்காமலே, புதுப் பம்பை எடுத்து மேசைமேல் வைக்கிறார்கள். பழைய வண்டியைப் புதுப்பிப்பவர்களில் பலரும் முதலில் சிவப்புப் பெயின்ட் அடிக்கிறார்கள், பிரஷர் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்கிறார்கள், எனக்கு அது பிடிக்கவில்லை. 1960-ல் தொடங்கிய டாஃபே நிறுவனம் சென்னையில் இந்த வண்டிகளைத் தயாரிக்க ஆரம்பித்த காலத்திலிருந்து இந்தப் பெர்கின்ஸ் வழி மூன்று சிலிண்டர் எஞ்சினை அறிந்தவர்கள் இருந்தார்கள், சூடான எஞ்சின் முழு வேகத்தில் ஓடும்போது ஆயில் பிரஷர் 30 பவுண்டுக்குக் கீழே இறங்கக்கூடாது என்பது அவர்களுக்கு மனப்பாடம்.

தனி மீட்டர் ஒன்றைப் பொருத்திப் பார்த்து, டயஃப்ரத்தை மாற்றி, ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றியும் சூட்டில் முள் சரிந்ததால் முன் அச்சை இறக்கினேன். பேரிங்கின் சாம்பல் பூச்சு போய்ச் செம்பு நிறம் திட்டுத் திட்டாகத் தெரிந்தது, பம்பு நன்றாகவே இருந்தது. கிராங்க் இப்போது லேத்தில் இருக்கிறது. திரும்பி வந்து மாட்டியதும், ஸ்டாப் நாப்பை இழுத்துப் பிடித்து டீசலை நிறுத்திவிட்டு, முள் ஏறும்வரை எஞ்சினை வெறுமனே சுழற்ற வேண்டும், அதன் பிறகே ஸ்டார்ட்.