அம்மை தேர்ந்த பரிசல்

ரிஷிவந்தியம் போகிறவர்கள் அர்த்தநாரீசுவரரைத் தரிசித்துவிட்டு நேரே ஊர் திரும்புவதுதான் வழக்கம். நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள்! கள்ளக்குறிச்சிப் பக்கம் சென்று மணிமுக்தா அணையையும் பார்த்துவிட்டு வாருங்கள். நீர் மட்டம் 36 அடி வரை நிற்கும் சிறிய அணைதான். தூரத்தில் கல்வராயன் மலை நீலமாகத் தெரியும்.

நாங்கள் போன அன்று கரையில் ஒரு தம்பதி பழைய பரிசலுக்கு விலை பேசிக்கொண்டிருந்தார்கள். கணவருக்குப் பெரியதன் மேல் கண். மனைவியோ சின்னதைக் கவிழ்த்துப் போட்டு, மூங்கில் பிளாச்சுகளை ஒவ்வொன்றாகத் தட்டினார். பிறகு அதற்குள் தலையை நுழைத்து வெயிலைப் பார்த்தார். ஊசிமுனை வெளிச்சம் தெரிந்தாலும் ஓட்டைதானாம்! அந்தக் காலத்தில் அடியில் எருமைத் தோல் போர்த்துவார்கள். இப்போது பிளாஸ்டிக் படுதாவும் தாரும்.

"ஏங்க, பெருசுன்னா தூக்க ரெண்டு ஆளு வேணும். கோடையில தண்ணி உள்ள போயிட்டா சேத்துல யாரு சுமக்கறது? இதை நான் ஒருத்தியே தலையில கவுத்துக்கிட்டு வந்துருவேன்."

"மீன் நிறையக் கெடச்சா?"

"கொள்ற மட்டும் புடிச்சாப் போதும். என் கம்மலை வெச்சுல்ல வாங்குறோம்!"

கணவர் பேசவில்லை. பரிசலை நீரில் விட்டு, அரை மணி உட்கார்ந்து பார்த்தார். அடி நனையவில்லை. பணம் கைமாறியது.

அவர் துடுப்புப் போட, அந்த அம்மாள் வலை விட்டார். ஒருவர் அசைந்தால் மற்றவரும் ஈடுகொடுக்க வேண்டும். இல்லையேல் வட்டப் பரிசல் சாய்ந்துவிடும். தேனபிஷேகத்தில் அம்மையும் அப்பனும் ஒன்றாகத் தெரிவதாக ரிஷிவந்தியத்தில் சொல்வார்கள். எங்களுக்கு அந்தத் தரிசனம் அணைக்கரையிலேயே கிடைத்துவிட்டது!